தீபாவளிக்குப் பளபள சட்டை, தை பிறந்தால் உப்பளச் சட்டை!

பெருமுக்கல்—

திண்டிவனத்தில் பஸ் மாறி, மரக்காணம் ரோட்டில் கிழக்கே திரும்பினால், வழியில் ஒரு பாறை மலை எழுந்து நிற்கும். அதுதான் பெருமுக்கல். மேலே சிவன் கோயில். பாறையில் ஆதி மனிதன் கீறிவிட்டுப் போன உருவங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த ஆளுக்கு ஒரு நிம்மதி. தீபாவளிக்கு ஜவுளி எடுக்க வேண்டிய கவலை அவனுக்கு இல்லை!

நமக்கு இருக்கிறது. ஐப்பசி பிறந்தாலே வீட்டில் ஆரம்பித்துவிடும். "சின்னவளுக்குப் பாவாடை பத்தல." "தம்பிக்கு ஜீன்ஸ்தான் வேணுமாம்." "மாப்பிள்ளைக்கு என்ன எடுக்கிறது?" எல்லாருக்கும் எடுத்து முடித்தபிறகு, "எனக்கு என்னங்க, போன வருஷத்துச் சேலையே புதுசாத்தான் இருக்கு" என்று ஒரு குரல் அடுப்படியிலிருந்து வரும். பாக்கெட்டைத் தடவிக்கொண்டே அந்தக் குரலைக் கேட்காத குடும்பத் தலைவர் உண்டா?

பெருமுக்கல்லைத் தாண்டிக் கிழக்கே போனால் மரக்காணம். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம். அங்கே இந்தக் கவலை இரட்டிப்பு. காரணம், காலண்டர்!

கூலி இல்லாத மாதத்தில் பண்டிகை

தை, மாசியில் பாத்தி கட்டி, கடைசி வெயில் வரை உப்பு வாருவார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்தி எல்லாம் குளம். வேலை நின்றுவிடும். வருமானமும் நின்றுவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் தீபாவளி வந்து கதவைத் தட்டும். 2022ல் அக்டோபர் 24, 2023ல் நவம்பர் 12, 2024ல் அக்டோபர் 31, 2025ல் அக்டோபர் 20. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் மழைக் கணக்கில்தான் விழுகிறது.

இந்த வேலையில்லாக் காலத்துக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022ல் தொடங்கியது. அரிசி பருப்பு, மளிகை பாக்கி, பிள்ளைகள் நோட்டுப் புத்தகம், பிறகு ஜவுளி, பட்டாசு. ஐயாயிரத்தை எத்தனை துண்டாக வெட்டுவது?

அதனால்தான் இந்தப் பக்கத்துச் சாமர்த்தியம் நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்கும் பாடமாக இருக்கிறது. சிக்கனம் என்றால் மட்டமான துணி என்று நினைக்க வேண்டாம். ஒரே துணிக்கு இரண்டு ஜென்மம் கொடுப்பதுதான் விஷயம்.

சேலைக்கு மேலே சட்டை

உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? சேலைக்கு மேலே ஆண்பிள்ளை முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. வெயிலும் உப்புத் தண்ணீரும் தோலை உரிக்காமல் இருக்க அதுதான் கவசம். அந்தச் சட்டை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் புருஷனோ அண்ணனோ போட்டுக் கழித்தது. இந்தத் தீபாவளிக்குக் கொடியில் புது மடிப்போடு தொங்குகிற சட்டை, இரண்டு தீபாவளி போனால் உப்புப் பாத்தியில் வேலைக்குப் போகும்!

ஆகவே ஆணுக்குச் சட்டை எடுக்கும்போதே இரண்டு பேருக்குமாகப் பார்த்து எடுக்க வேண்டும். முழுக்கை. நல்ல பருத்தி. தோளில் கொஞ்சம் தாராளம். நிறம்? இளநீலம், சந்தனம், பிஸ்கட் கலர். வெளிர் நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுப்பு, கருநீலம் எடுத்தால் பண்டிகை அன்றைக்கு எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் வேர்வை காய்ந்ததும் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படம் வரைந்துவிடும். பட்டணத்தில் பஸ்ஸிலும் ரெயிலிலும் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகிறவர்களுக்கும் இதே கதைதான். உப்பளத்துக்கே போக வேண்டாம், தாம்பரத்தில் ஏறி பீச்சில் இறங்கினால் போதும்.

டெரிலின் ஆசை

1941ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த பாலியெஸ்டர் நூல், டெரிலின் என்ற பெயரில் நம் ஊருக்கு வந்தபோது பெரிய மவுசு. டெரிலின் சட்டை போட்டவர்தான் மைனர். கசங்காது, இஸ்திரி வேண்டாம், தட்டினால் காயும். நைலக்ஸ் சேலைக்கும் அதே கிராக்கி. இன்றைக்குப் பெயர்தான் மாறியிருக்கிறது. கடை வாசலில் மின்னுகிற மலிவுச் சேலையில் பெரும்பாலும் ஓடுவது அந்த நூல்தான்.

தப்பு என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் துணி காயாமல் தவிக்கிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் உடம்பு என்ன சொல்கிறது? சாதாரணக் காற்றில் 100 கிராம் பருத்தி ஏறக்குறைய 8 கிராம் ஈரத்தைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். பட்டு 11 கிராம் வரை. பாலியெஸ்டர் அரை கிராம்கூடக் கிடையாது. கடற்கரை ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம். வேர்வை போக இடமில்லாமல் துணிக்கும் தோலுக்கும் நடுவே நிற்கும். குழந்தைக்கு அரிப்பு, வேர்க்குரு. "நல்ல நாளும் அதுவுமா அழுவுது பாரு" என்று அதன் முதுகில் இரண்டு வைப்பார்கள். குற்றம் குழந்தை மேல் இல்லை, பிராக் மேல்!

பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த ரகம் நடுவழி. பள்ளிக்கூடச் சட்டைக்குச் சரி. பண்டிகைக்கும் ஓட்டலாம். கழுத்து, அக்குள், முதுகு இந்த மூன்று இடத்தில் மட்டும் பருத்தி உள்துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். சம்கி, ஜிகினா, நெட் எதுவாக இருந்தாலும் உள்ளே மல் துணி கொடுத்தால் குழந்தை சிரிக்கும்.

மத்தாப்பு பக்கத்தில் மின்னும் துணி

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கம்பி மத்தாப்பின் சூடு 1,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். பாலியெஸ்டர் உருகுவதற்கு 260 டிகிரி போதும். நைலானுக்கு அதைவிடக் குறைவு. பொறி விழுந்தால் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உரித்தால் தோலும் வரும். தீபாவளி ராத்திரி ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்த்த நர்ஸ் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

"பருத்தி எரியாதா?" என்று கேட்பீர்கள். எரியும். சுறுசுறு என்றே எரியும். உருகி ஒட்டாது என்பதுதான் வித்தியாசம். ஆகையால் எந்தத் துணி என்பதோடு, எப்படி உடுத்துகிறோம் என்பதும் முக்கியம். தரையில் புரளும் பாவாடை, பின்னால் பறக்கும் தாவணி, கையில் தொங்கும் முந்தானை, இவைதான் முதலில் பற்றுபவை. முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகுங்கள். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு முடியுங்கள். பெண் குழந்தைக்குக் கணுக்காலுக்கு மேலே நிற்கிற பாவாடை. வேட்டி கட்டினவர்கள் மடித்துக் கட்டிக்கொண்டு வெடி கொளுத்துங்கள், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மஞ்சள் வைத்த புதுத் துணி உடுத்தி, சாமி கும்பிட்டு, பலகாரம் தின்றாகிவிட்டதா? வெடிக்கப் போகுமுன் பளபளப்பைக் கழற்றி வைத்துவிட்டு, துவைத்துப் பழகின பருத்திச் சட்டைக்கு மாறினால் யாரும் வாசலில் நின்று கணக்கு எடுக்கப் போவதில்லை. அப்படியும் சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். இங்க், பேஸ்ட், மாவு ஒன்றும் பூச வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சட்டைக்குள் உப்பு

இனி ஒரு வேடிக்கை. புதுத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டால் சாயம் போகாது என்று பாட்டி சொல்வாள். பாதி சரி. சாயப்பட்டறையில் பருத்திக்குச் சாயம் ஏற்றும்போது தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்புதான் சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூல் பக்கம் தள்ளுகிறது. அடர்த்தியான நிறம் என்றால் உப்பும் அதிகம். நம் கறுப்புப் பனியனுக்கும் சிவப்புச் சட்டைக்கும் பின்னால் மூட்டை மூட்டையாக உப்பு இருக்கிறது! வேலை முடிந்ததும் அந்த உப்பு எங்கே போனது? திருப்பூரில் நொய்யல் ஆற்றுக்குத்தான் போனது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது அந்த வழக்கில்தான்.

ஆனால் பட்டறையில் சரியாக ஏறாத சாயத்தை வீட்டு வாளி உப்பு பிடித்து வைக்காது. ஏன் இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், சின்ன வயதில் எனக்கு எடுத்த சிவப்புச் சட்டை ஒன்று. "கியாரண்டி சார், சாயம் போனா சட்டையைக் கொண்டாந்து மூஞ்சியில வீசுங்க" என்றார் கடைக்காரர். அம்மா நம்பிக்கையாக ஒரு கை உப்புப் போட்டு ஊற வைத்தாள். தீபாவளி மழையில் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார். திரும்பி வரும்போது அப்பாவின் எட்டு முழ வேட்டி ரோஜாப்பூ கலர்! அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வேட்டியை அடுத்த வருஷமும் வீட்டில் கட்டினார்.

கடையிலேயே சோதிக்க வழி உண்டு. வெள்ளைக் கைக்குட்டையின் முனையை நனைத்து, துணியின் உள் மடிப்பில் பத்துத் தடவை தேயுங்கள். கைக்குட்டையில் கலர் வந்தால் துணியை வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

தையல்காரரிடம் என்ன சொல்வது?

ஒரு காலத்தில் ஒரே தான் துணியைக் கிழித்து அண்ணன் தம்பி நாலு பேருக்கும் சட்டை தைப்பார்கள். தெருவில் போனால் எந்த வீட்டுப் பிள்ளை என்று துணியே சொல்லும். ரெடிமேடு வந்தபின் அது போய்விட்டது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வளரும் பிள்ளைக்குத் தைத்த துணியே லாபம். ரெடிமேடில் ஓரத்தில் விட்ட துணி சுண்டு விரல் அகலம்கூட இருக்காது. தையல்காரரிடம் கொடுத்தால், "அண்ணே, உள்ளே ரெண்டு இஞ்சு விட்டுத் தைங்க" என்று சொல்லலாம். பாவாடையில் அடியில் மூன்று மடிப்பு வைத்தால், வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்து மூன்று தீபாவளி ஓட்டலாம். பிரித்த இடத்தில் கோடு தெரியும். அதன்மேல் ஒரு ஜரிகை நாடா ஓட்டிவிட்டால் அதுவே டிசைன்!

பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும். ஜாக்கெட் துணி, உள்துணி, பால்ஸ் எல்லாவற்றையும் நனைத்துக் காயவைத்த பிறகு தைக்கக் கொடுங்கள். மழை நாளில் அதற்கே இரண்டு நாள் ஆகும். தையல் கடையில் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே "ஆர்டர் எடுக்கப்பட மாட்டாது" என்று அட்டை தொங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பட்டு ஆசை பொல்லாதது

தலை தீபாவளி என்றால் பருத்திப் பேச்சு எடுபடாது. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, பெண்ணுக்குப் பட்டுச் சேலை. விழுப்புரம் மாவட்டத்திலேயே சிறுவந்தாட்டில் பட்டு நெய்கிறார்கள். மேற்கே ஆரணி, வடக்கே காஞ்சிபுரம். பெயர் பெற்ற மூன்று ஊரும் கைக்கெட்டும் தூரம். எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் உப்பளக்காரப் பெண்ணுக்குப் பட்டில் ஒரு சங்கடம் உண்டு. உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரலும் குதிகாலும் வெடித்துப் போயிருக்கும். மடிப்பு எடுக்கும்போது அந்த வெடிப்பில் பட்டு நூல் மாட்டிக்கொண்டு இழுக்கும். "எனக்கெதுக்குப் பட்டு" என்று அவர்கள் சொன்னால் அது சிக்கனம் மட்டும் அல்ல. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ராத்திரியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தால் பட்டும் பிழைக்கும், காலும் பிழைக்கும்.

இன்னொரு எதிரி கடற்காற்று. அசல் ஜரிகையில் இருப்பது வெள்ளி. மலிவு ஜரிகையில் செம்பு. ஈரமும் உப்பும் கலந்த காற்றில் இரண்டும் கறுக்கும், செம்பு சீக்கிரமாகவே. வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டையை ஜரிகை மேல் போடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் பெட்டியை மேல் தட்டுக்கு ஏற்றுங்கள். 2024 தீபாவளி முடிந்து சரியாக ஒரு மாதத்தில், நவம்பர் 30 ராத்திரி, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. இந்தச் சுற்றுவட்டாரமே மிதந்தது. அந்த வெள்ளம் பட்டு, பருத்தி என்று பார்க்கவில்லை.

மழைக்கு இதமாகவும், பார்வைக்குப் பண்டிகையாகவும் வேண்டும் என்கிறவர்களுக்கு மதுரைச் சுங்குடி இருக்கிறது. பருத்திதான். ஆனால் புள்ளி புள்ளியாகச் சிரிக்கும். மலைக் கோயிலுக்குப் பாறையில் ஏறி இறங்கினாலும் தடுக்காது. கூடவே கொஞ்சம் மல்லிகையும் கண்ணாடி வளையலும் இருந்தால் பட்டுக்காரி ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள்.

காசு எங்கே மிச்சம்?

காந்தி ஜெயந்தியில் கதர்க் கடையில் தள்ளுபடி ஆரம்பம். உப்புக்கும் கதருக்கும் உள்ள பழைய உறவு உங்களுக்குத் தெரிந்ததுதான். 1930ல் வேதாரண்யத்தில் ராஜாஜியோடு உப்பு எடுக்கப் போனவர்கள் கட்டியிருந்தது கதர்தான். 1935ல் தொடங்கிய கோ-ஆப்டெக்சிலும் தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி தருவது வழக்கம். அங்கே மாதச் சேமிப்புத் திட்டமும் உண்டு. மாதாமாதம் நாம் கட்டி வந்தால் கடைசியில் நிறுவனமும் தன் பங்கைச் சேர்க்கும். உப்பு வாரும் மாதங்களில் கட்டி, உப்பு இல்லாத மாதத்தில் துணியாக எடுத்துக்கொள்ளலாம். உப்பளக் காலண்டருக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறதா?

தெருமுனைத் தீபாவளிச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. துணி, பட்டாசு, ஸ்வீட், எவர்சில்வர் குடம் எல்லாம் சேர்த்துத் தருவதாக நோட்டீஸ் அடிப்பார்கள். ஒழுங்காகக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐப்பசியில் கதவைப் பூட்டிக்கொண்டு ராவோடு ராவாக ஊரைவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். வடமாவட்டத்துப் போலீஸ் ஸ்டேஷன்களில் இந்தக் கண்ணீர் புதிது அல்ல. அட்டை கொடுத்தால் மட்டும் போதாது, சீட்டு பதிவு செய்ததா என்று கேளுங்கள்.

வரிக் கணக்கும் மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை உள்ள ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. 2,600 ரூபாய்ச் சட்டையைக் கையில் எடுத்தவர்கள் பில் போடுமுன் ஒரு தடவை யோசிக்கலாம்.

அந்தக் காலத்துப் புதுத் துணி

புதுத் துணி கொடுத்து மனுஷனை மரியாதை செய்வது இந்த மண்ணுக்குப் புதிது அல்ல. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில்தான் சங்க காலத்து ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை அவனைத்தான் பாடுகிறது. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பார்கள். பாட்டுப் பாடி வந்த ஏழைப் பாணனுக்கு அவன் முதலில் கொடுத்தது என்ன தெரியுமா? மூங்கிலின் உள்தோலை உரித்தாற்போன்ற மெல்லிய துணி. அதை உடுக்க வைத்த பிறகுதான் சாப்பாடு! பளபளப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை, மென்மையைத்தான் சொல்கிறார் புலவர். நடந்து களைத்து வந்தவனுக்கு எது சுகம் என்று அந்த ராஜாவுக்குத் தெரிந்திருக்கிறது.

தீபாவளி போய்ப் பொங்கல் வரும். 1983ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய இலவச வேட்டி–சேலை ரேஷன் கடையில் கிடைக்கும். மழை வடிந்து, பாத்தியில் சேற்றை மிதித்துத் தளம் போடும் வேலை ஆரம்பமாகும். அன்றைக்குக் கொடியில் இருக்கும் சட்டைகளில் எது இறங்க வேண்டும் என்று வீட்டுக்காரிதான் முடிவு செய்வாள். காலர் நைந்ததா, மேல் பொத்தான் போனதா, தோளில் மத்தாப்புப் பொறி பட்டு ஓட்டை விழுந்ததா, அதை எடுத்து உதறிச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு, தூக்குவாளியோடு விடியற்காலை பஸ்சுக்கு நிற்பாள்.